விசில் வைத்திருப்பவருக்கும் விதி உண்டு

கால்பந்து என்றதும் நம்மவர்களுக்குக் கல்கத்தாவும் கேரளமும் கோவாவும்தான் நினைவுக்கு வருகின்றன. சித்தூரையும் திருப்பதியையும் அந்த வரிசையில் யாரும் வைப்பதில்லை. வைக்க வேண்டும் என்று நானும் கேட்கப்போவதில்லை. கிரிக்கெட்டும் கபடியும் வாலிபாலும் பிடித்துக்கொண்ட இடம் போக, மிச்சமிருந்த புழுதியில் உருண்ட ஆட்டம் இது. ஆனாலும் அந்தப் புழுதியில் நான்கு வருஷம் புரண்டவன் என்ற உரிமையில், சங்கத்தின் மாதக் கூட்டத்தில் எழுந்த ஒரு பேச்சுக்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அன்று வருத்தப்பட்டார். "இந்தக் காலத்துப் பிள்ளைகளை ஓர் அதட்டல் போட முடியவில்லை. அந்தக் காலத்து பி.டி. சார்கள் போல இன்றைக்கு யார் இருக்கிறார்கள்? பிரம்பு போனது, ஒழுங்கும் போனது" என்றார். பாதிப்பேர் தலையாட்டினார்கள். எனக்கு அந்தப் பேச்சில் பாதிதான் உடன்பாடு.

பி.டி. சார் என்று நாம் சொல்லும் அந்த ஆசாமி நம் தென்னிந்தியக் கல்லூரிகளுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதே ஒரு கதை. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். 1924ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியக் குழுவுக்கும் அவரே மேலாளர். அந்தக் கல்லூரியிலிருந்து வெளியே வந்தவர்கள் தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், கேரளம் எங்கும் பரவினார்கள். கழுத்தில் விசில், வெள்ளைக் கால்சட்டை, கையில் வருகைப் பதிவு நோட்டு. மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது முதல், லேஸ் கட்டிய தோல் பந்துக்குள் பிளாடரைத் திணிப்பது, வெளியூர் ஆட்டத்துக்குப் பேட்டா வாங்கித் தருவது, வகுப்புக்குப் போகாத நாளுக்கு ஓ.டி. கையெழுத்து வாங்குவது வரை எல்லாம் அவர் தலையில்தான். இத்தனை பொறுப்பு ஒருவர் கையில் சேரும்போது இத்தனை அதிகாரமும் சேர்ந்துவிடுகிறது. அந்த அதிகாரத்தை எப்படி வைத்துக்கொள்கிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இதற்கு நம் மாநிலத்தில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. மாநிலம் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். 2014க்கு முன்பு ஹைதராபாத் நமக்கும் தலைநகராக இருந்ததே, அந்த உரிமையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சையத் அப்துல் ரஹீம், 1909ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து, பல்கலைக்கழக அணியில் ஆடியவர். பிழைப்புக்குப் பள்ளி ஆசிரியர். பின்னர் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்குப் பயிற்சியாளரானார். அந்த அணி 1950 முதல் 1954 வரை வரிசையாக ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இந்திய அணிக்கும் அவரே பயிற்சியாளர்: 1951 தில்லி ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1962 ஜகார்த்தாவில் மறுபடியும் தங்கம். அதற்குப் பிறகு இன்றுவரை ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குத் தங்கம் இல்லை. 2024ல் வந்த 'மைதான்' என்ற இந்திப் படம் அவர் கதைதான், பார்த்தவர்கள் இருப்பீர்கள்.

ரஹீம் கண்டிப்பானவர் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் அவருடைய கண்டிப்பு எப்படிப்பட்டது என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. பையன்களிடையே ஒரு வியாதி உண்டு. பந்து காலில் கிடைத்தால் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுக்க மனசு வராது. நான்கு பேரை ஏமாற்றி ஐந்தாவது ஆளிடம் பறிகொடுத்தால்தான் திருப்தி. நம் தெருக்களில் இன்றைக்கும் இதே கதைதான். வேறொரு கோச்சாக இருந்தால் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்துவார். ரஹீமோ டிரிப்பிளிங் செய்யவே கூடாது என்ற விதியோடு போட்டிகளை நடத்தினார். பந்து வந்தால் உடனே தட்டிவிட வேண்டும். அதே போல, பலவீனமான காலால் மட்டும் ஆட வேண்டும் என்றும் போட்டி வைத்தார். அந்த மைதானத்தில் நட்சத்திரத்துக்கும் சாதாரண ஆட்டக்காரனுக்கும் ஒரே சட்டம். திட்டு வாங்கிய அவமானம் யாருக்கும் இல்லை. தன்னலம் மட்டும் கழன்றுவிடும். ஒரு பள்ளி ஆசிரியருக்குத்தான் இப்படி யோசனை தோன்றும் என்பது என் எண்ணம்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். துளசிதாஸ் பலராம் என்ற பெயரை வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை, வறுமையான குடும்பம். ரஹீம் கண்ணில் பட்டு, பயிற்சிக்கு வரச்சொன்னபோது, அத்தனை தூரம் தினமும் வர வழியில்லை என்றாராம் பலராம். வாடகை சைக்கிளுக்கு ரஹீம் தம் கையிலிருந்து காசு கொடுத்தார். நேரத்துக்கு வரவேண்டும் என்று கேட்பவர், வருவதற்கான வழியையும் தாமே செய்து கொடுத்துவிட்டார்! அதற்குப் பிறகு அந்தப் பையன் தாமதமாக வர முடியுமா? 1956ல் ஹைதராபாத்துக்கு சந்தோஷ் டிராபி, அதே ஆண்டு மெல்பர்ன், 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் கோல், 1962ல் தங்கமும் அர்ஜுனா விருதும். உடல்நலக் குறைவால் 1963லேயே ஆட்டத்தை விட்டவர், 2023 பிப்ரவரியில் காலமானார்.

ஜகார்த்தா இறுதியாட்டத்தைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்ததை நம் நாட்டு ஒலிம்பிக் பிரதிநிதி சோந்தி ஆட்சேபித்தார் என்பதால், ஊரே நமக்கு விரோதம். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் நம் தேசிய கீதத்துக்கே கூச்சல் போட்டார்கள். எதிரே நிற்பது தென் கொரியா. முதல் சுற்றில் நம்மை இரண்டுக்குப் பூஜ்யம் என்று வென்ற அணி. அரையிறுதியில் கோல் காத்தவர் பிரத்யுத் பர்மன். அவரை உட்கார வைத்துவிட்டு, காய்ச்சலிலிருந்து எழுந்த நெட்டை ஆசாமி பீட்டர் தங்கராஜை இறுக்கமான இறுதியாட்டத்துக்கு இறக்கினார் ரஹீம். தங்கராஜும் ஹைதராபாத்தில் பிறந்த நம்மவர்தான், வெலிங்டன் எம்.ஆர்.சி. என்ற ராணுவ அணியில் வளர்ந்தவர். தலையில் தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்வரிசைக்கு அனுப்பினார். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. இரண்டுக்கு ஒன்று என்று தங்கம் வந்தது. இதில் என்னைத் தொடுவது பர்மன்தான். வென்று கொடுத்த ஆட்டத்துக்கு அடுத்த ஆட்டத்திலேயே பெஞ்சில் உட்காருவது எளிதான காரியமா? கோச் தன் விருப்பு வெறுப்பில் செய்யவில்லை என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஓர் ஆட்டக்காரன் அதைத் தாங்குவான். அந்த நேரத்தில் ரஹீமுக்குப் புற்றுநோய். அடுத்த ஜூன் மாதமே போய்விட்டார்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். எழுபதுகளில் சித்தூரில் நான் படித்த கல்லூரியில் ஒரு பி.டி. சார் இருந்தார். தெலுங்கர், ஆனால் தமிழில் கோபப்படுவார், உருதுவில் பாராட்டுவார். எங்கள் அணியே அப்படித்தான், மூன்று பாஷையும் ஓடும். காலை ஐந்தரைக்கு மைதானம். அவர் நோட்டில் முதல் பெயர் அவருடையதே. தாமதமானால் மூன்று ரவுண்டு. ஒருநாள் சைக்கிள் பஞ்சராகி அவரே ஆறு மணிக்கு வந்தார். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம். மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, விசில் நெஞ்சில் ஆட, மூன்று ரவுண்டு ஓடி முடித்து, நோட்டில் தன் பெயருக்கு நேரே 'லேட்' என்று எழுதிவிட்டுத்தான் எங்களிடம் வந்தார். ஐம்பதை நெருங்கிய வயது. அதற்குப் பிறகு அந்த நோட்டை யாரும் கேலி செய்ததில்லை.

யாராவது வயிற்றுவலி, பாட்டி காரியம் என்று கதை விட்டால், "காணிப்பாக்கம் கூட்டிட்டுப் போகட்டுமாப்பா?" என்பார். காணிப்பாக்கம் பிள்ளையார் முன் பொய்ச் சத்தியம் செய்ய நம் ஜில்லாவில் எவனுக்குத் துணிச்சல் வரும்? பாட்டி உடனே உயிர் பெற்றுவிடுவாள்.

1976 என்று நினைவு. ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கிடையிலான போட்டி திருப்பதியில். அந்நாளில் அனந்தப்பூர், கர்நூல், கடப்பை, நெல்லூர்க் கல்லூரிகளெல்லாம் இந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான். அதனால் போட்டி பலமாக இருக்கும். எங்கள் சென்டர் பார்வர்டு ஒருவன், பெயர் வேண்டாம், பந்தைத் தொட்டால் கோல் என்று பேர் வாங்கியவன். போட்டிக்கு முந்தைய வாரம் மூன்று நாள் பயிற்சிக்கு வரவில்லை. எல்லை தாண்டி வேலூர்ப் பக்கம் ஒரு டோர்னமென்டில் வேறொரு அணிக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆடியிருக்கிறான் என்று தெரியவந்தது. போட்டி வாரத்தில் இரண்டு நாள் வராதவன் ஆடக்கூடாது என்பது சட்டம்.

சார் அவனை நீக்கவில்லை. பாகாலா வழியாகப் போகும் மீட்டர் கேஜ் ரயிலில் எங்களோடு திருப்பதிக்கு அழைத்து வந்தார், பேட்டாவும் கொடுத்தார். ஆனால் ஆட்டம் முழுவதும் பெஞ்சில் உட்கார வைத்தார். இடைவேளையில் எங்களுக்குத் தண்ணீர் எடுத்து வந்தவன் அவன்தான். ஒன்றுக்குப் பூஜ்யத்தில் தோற்றோம். திரும்பி வந்ததும் கல்லூரியில் பெரியவர்கள் சாரைப் பிடிபிடியென்று பிடித்தார்கள். "கோப்பை போனால் அடுத்த வருஷம் வரும். இவனுக்கு ஒரு நோட்டு, மற்றவனுக்கு ஒரு நோட்டு என்று வைத்தால் அடுத்த வருஷம் அணியே வராது" என்றாராம். ஆபீஸ் அட்டெண்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அதே அட்டெண்டர் இன்னொன்றும் சொன்னார். அந்தப் பையன் காசுக்கு ஆடப் போனது பரீட்சை பீஸ் கட்ட. சார் அவன் வீட்டுக்குப் போய் விசாரித்திருக்கிறார். பீஸை அவரே கட்டிவிட்டார். பெஞ்சை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பீஸ் கட்டிய விஷயத்தை அவனிடமும் சொல்லவில்லை.

கதை இங்கே சுபமாக முடிந்ததென்று நினைக்க வேண்டாம். அவன் மறு வருஷம் அணிக்கு வரவில்லை. வெகுகாலம் கழித்துச் சித்தூரில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பீஸ் விஷயம் அவனுக்குப் பிற்பாடு தெரிந்திருந்தது. "அவர் நல்ல மனுஷர்தான், இல்லேங்கலை. ஆனா அன்னிக்கு என்னை இறக்கியிருந்தா ஜெயிச்சிருப்போம்" என்றான். நாற்பது வருஷத்துக் கோபம் குரலில் அப்படியே இருந்தது. அவன் சொன்னதும் உண்மைதான். ஜெயித்திருப்போம்.

இதே போன்ற ஒரு முடிவை இன்னும் பெரிய மேடையில் எடுத்த ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். அங்கே கல்லூரிக் கால்பந்து என்பது நம் கால்பந்து இல்லை. இரும்புத்தொப்பி போன்ற ஒன்றை மாட்டிக்கொண்டு நீள்வட்டப் பந்தைக் கையில் தூக்கி ஓடும் ஆட்டம். நம் ஊர்த் தேர்த் திருவிழா போலக் கூட்டம் கூடும். கோச்சுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம். அலபாமா பல்கலைக்கழகத்தின் பேர் பிரையன்ட், 1963 டிசம்பரில், தம் அணியின் நட்சத்திரமான ஜோ நேமத் பயிற்சிக்கால விதியை மீறியதற்காகப் பருவத்தின் கடைசி இரண்டு ஆட்டங்களிலிருந்து விலக்கிவைத்தார். அதில் ஒன்று சுகர் போல் என்ற பெரிய ஆட்டம். நேமத் இல்லாமலே இரண்டிலும் வென்றார்கள் என்பது எங்கள் சாருக்கு வாய்க்காத அதிர்ஷ்டம். நேமத் மறு வருஷம் திரும்பி வந்து தேசிய சாம்பியன் அணியில் ஆடினார்.

ஆனால் இதே பிரையன்ட் 1954ல் டெக்சாசில் செய்ததையும் சொல்ல வேண்டும். ஜங்ஷன் என்ற வறண்ட ஊரில், கொளுத்தும் வெயிலில் பத்து நாள் முகாம். பயிற்சியின்போது தண்ணீர் கிடையாது. போனவர்களில் பெரும்பாலோர் பாதியில் ஓடிவிட்டார்கள். தாக்குப்பிடித்தவர்களை வீரர்கள் என்று புத்தகமும் படமும் கொண்டாடின. அந்தப் பருவத்தில் அந்த அணி ஆடியது பத்து ஆட்டம், வென்றது ஒன்று! இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

தண்ணீர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சூடு உண்டு. சித்தூர், திருப்பதி வெயில் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் ஆட்டத்துக்குப் போன ஒரு கல்லூரியில் (பெயர் வேண்டாம்) அந்த அணியின் பயிற்சியாளர், ஓடி முடிக்காதவனுக்குத் தண்ணீர் இல்லை என்று பானையின் மேல் காலை வைத்துக்கொண்டு நின்றதைக் கண்ணால் பார்த்தேன். ஏப்ரல் மாதம். ஒரு பையன் சுருண்டு விழுந்தான். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி, மிச்ச ரவுண்டையும் ஓடவிட்டார். "அப்போதான் உறுதிப்படும்" என்று பக்கத்தில் நின்ற பெரியவர்கள் சொன்னார்கள். அன்றைக்கு அந்தப் பையன் பிழைத்தது அவன் அதிர்ஷ்டம்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைப்பதில்லை. 2018 மே 29 அன்று அமெரிக்காவில் மேரிலண்ட் பல்கலைக்கழக அணியின் 19 வயது மாணவர் பயிற்சி ஓட்டத்தில் வெப்பத்தாக்கு நோய்க்கு ஆளானார். உடம்பை உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம், அதைச் செய்யவில்லை. இரண்டு வாரத்தில் இறந்தார். பொறுப்பு எங்களுடையது என்று பல்கலைக்கழகத் தலைவரே ஒப்புக்கொண்டார். இருந்தும் அக்டோபர் 30 அன்று தலைமைப் பயிற்சியாளரை மறுபடி வேலைக்கு வரச் சொன்னார்கள். மாணவர்களும் பெற்றோர்களும் கொதித்தெழ, மறுநாளே அவரை நீக்கினார்கள். தண்ணீர் தருவது செல்லம் கொடுப்பது என்று நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு தகவல்: 2014 உலகக் கோப்பையிலேயே வெயில் மிஞ்சிய ஆட்டத்தை நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடிக்க விட்டார்கள். உலகக் கோப்பை ஆட்டக்காரனுக்கு ஆகும் என்றால் நம் டிகிரி முதல் வருஷப் பையனுக்கு ஆகாதா?

காசுக்கு ஆடிய எங்கள் சென்டர் பார்வர்டை நினைக்கும்போதெல்லாம் ஒஹாயோ ஸ்டேட் விவகாரமும் கூடவே ஞாபகத்துக்கு வரும். 2010ல் அந்தப் பல்கலைக்கழகத்து ஆட்டக்காரர்கள் ஐந்து பேர், தங்கள் பதக்கம், சட்டை போன்றவற்றைக் கொடுத்துக் காசும் பச்சை குத்தும் சலுகையும் பெற்றார்கள் என்று விலக்கப்பட்டார்கள். கண்டிப்புக்கும் நல்லொழுக்கத்துக்கும் பேர்போன கோச் ஜிம் டிரெஸல் பிறகு மாட்டிக்கொண்டார். மாதக்கணக்கில் முன்பே அவருக்கு விஷயம் தெரியும், சொல்லாமல் மறைத்திருந்தார். 2011 மே மாதம் பதவி விலகினார். அந்தப் பருவத்து வெற்றிகள் எல்லாம் கணக்கிலிருந்து அழிக்கப்பட்டன. இதில் வேடிக்கை என்னவென்றால், 2021 முதல் அங்கே கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்க அனுமதி உண்டு. அந்த ஐந்து பேர் செய்தது பெரும்பாலும் இன்றைக்குக் குற்றமே இல்லை. டிரெஸல் செய்தது மட்டும் இன்றைக்கும் குற்றம்தான்.

நம் ஊர்ப் பெண்பிள்ளைகளும் இப்போது மைதானத்துக்கு வருகிறார்கள். திருப்பதியில் 1983 முதல் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது; காலை நடைக்குப் போகையில் விளையாட்டு உடையில் பிள்ளைகள் பை தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. அவர்களை அனுப்பும் பெற்றோர் கேட்கும் கேள்வி வேறு. 2022ல் இந்தியாவின் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் அணி வெளிநாட்டில் இருந்தபோது, துணைப் பயிற்சியாளர் முறைதவறி நடந்தார் என்று புகார் வந்து, அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். "சார் சொன்னால் எதிர்த்துப் பேசக்கூடாது" என்றே வளர்த்த பிள்ளை, அந்த சாரைப் பற்றியே யாரிடம் போய்ப் புகார் சொல்லும்? வெளியூர் ஆட்டத்துக்குப் பெண்கள் அணி கிளம்பும்போது கூட ஓர் ஆசிரியை போகிறாரா, புகார் என்றால் யாருக்குப் போன் செய்வது என்று பெற்றோர் கேட்பதில் தப்பே இல்லை. பிள்ளை ஆட வேண்டும் என்று விரும்புகிறவர்கள்தான் இதைக் கேட்கவும் வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் அன்பர் இதைப் படிப்பார் என்று தெரியும். பிரம்பு போனது பற்றி அவருக்கு வருத்தம். எங்கள் சாரின் கையில் நான் பிரம்பைப் பார்த்ததே இல்லை. அந்த நோட்டு ஒன்றுதான். அவர் ஓய்வுபெற்ற பிறகு அது எங்கே போனதென்று விசாரித்தேன். பழைய பேப்பரோடு போயிருக்கும் என்றார்கள். அந்நாளில் சித்தூர், மதனப்பள்ளி, திருப்பதிக் கல்லூரிகளில் ஆடிய அன்பர்கள் நம் வாசகர்களில் பலர் இருப்பீர்கள். உங்கள் பி.டி. சார்களைப் பற்றி, நல்லதோ கெட்டதோ, சங்க முகவரிக்கு எழுதுங்கள். அணிப் புகைப்படம் இருந்தால் பிரதி எடுத்து அனுப்புங்கள். பின்வரிசையில் ஓரமாக, விசிலோடு நிற்பவர் யார் என்றும் மறக்காமல் குறித்து அனுப்புங்கள்.